அணிமானந்தரின் தொந்தி

அம்மிக்கல் அளவு செல்போனை வெண்கல உருளியில் வைத்து, பட்டுத்துணியால் மூடி, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் கொடுத்த மகானை நான் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். கூட்டமா? எங்கள் வலியசாலைத் தெருவில் தொடங்கிய வரிசையின் வால் கரமனை பஸ் ஸ்டாப்பில் போய் முடிந்தது. வாலில் நின்றவர்களில் பாதிப் பேர், எது எந்த வரிசை என்று தெரியாமல் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இன்னும் திரும்பவில்லை.

இதைக் கேட்டுச் சிரித்தவர் ஒரே ஒருவர்: தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் உமாசங்கர். நாஞ்சில் நாட்டு வியாபாரி.

"சாரே, புளுகு தள்ளுகதுக்கும் ஒரு அளவு உண்டு. சின்ன போனுக்கா வரிசை? அது சாமி தரிசனத்துக்கு உள்ளதாக்கும். என் கடையில ஒருத்தனும் கேட்டதில்ல. வாங்க ஆளில்லன்னு கம்பெனிக்காரனே கணக்கெடுத்துச் சொல்லியாச்சு. அதாக்கும் வருஷா வருஷம் பெருசாக்குகான்."

மகானின் பெயர் அணிமானந்தர். அணுவைப்போல் சிறிதாகும் அணிமா சித்தி அவருக்குக் கைவந்ததாம். மற்ற சித்தர்கள் தங்களைச் சுருக்கிக்கொண்டார்கள்; இவர் பரோபகாரி, ஊரார் போனைச் சுருக்கினார். கட்டணம் கிடையாது. இலவசம் என்றால் நம்மவர்களுக்கு பக்தி பொங்காதா?

"சிம்தான் ஆத்மா," என்பார் சுவாமி. "அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள். உடம்பு மாறும்போது ஆத்மா வெளியே இருக்க வேண்டும்."

மணி அடிக்கும். பட்டுக்கு அடியில் கை போகும். வெளியே வருவது உள்ளங்கையில் அடங்கும் போன். தெருவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"பாட்டுக் கேக்கற வயரைச் சொருகற ஓட்டைகூடத் திரும்பி வந்துடுத்து!" என்று எதிர்வீட்டு ராஜமணி கண்ணீர் விட்டார். பிறகு தயங்கினார். "ஸ்வாமி, பேரன் போட்டோவெல்லாம் காணலையே?"

"பூர்வ ஜன்ம வாசனை. கழிந்தது."

ராஜமணி இன்னொரு முறை விழுந்து கும்பிட்டார்.

எங்கள் வீட்டிலும் பிடித்தது பைத்தியம். மருமகள் பத்மஜாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. பஸ்ஸில் ஒரு கை கம்பியில், மற்றக் கையில் அந்தப் பலகை. டிரைவர் பிரேக் போட்டால் போன் பறக்கும். பிடிக்கப் போய் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தாள். அவளுடைய ஆபீஸ், பாங்க், என் பேரன் பிரணவின் முதல் நடை, எல்லாம் அதற்குள்தான்.

"அம்மா, நாளைக்கு லீவு எடுத்திருக்கேன். எனக்கும் சுருக்கிக்கணும்."

என் மனைவி பாகீரதி, வேலையில் இருந்த காலமெல்லாம் பிறர் கணக்கில் ஓட்டை தேடிய தணிக்கைக்காரி. "போலாமே," என்றாள். "ஆனா ஒண்ணு. காலம்பற ஸ்வாமி குளிச்சிட்டு வரச்சே வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. சாயங்காலம் பரங்கிக்காய் மாதிரி இருக்கு. நாள் பூரா உபவாசமாம். பின்னே எது போய் வளர்றது?"

மறுநாள் வரிசையில் பாகீரதி, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டாள். "நீங்க போங்கோ, எங்களுக்கு அவசரமில்லை." எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். மறக்காமலிருக்க, பாகீரதியின் குரலையே பிடித்துத் தன் போனில் அலாரமாக வைத்திருந்தாள் பத்மஜா. மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். (எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன்.)

ஆறடிக்கச் சற்று முன் எங்கள் முறை வந்தது. பத்மஜா ஆத்மாவைக் கழற்றினாள். உடம்பு உருளிக்குள் போனது. மணி அடித்தது. சின்ன போன் வந்தது. தெரு கைகூப்பியது.

அப்போது சுவாமியின் தொந்தி பேசிற்று.

"பத்மஜா! தண்ணி வந்துடுத்து! மோட்டாரைப் போடு!"

சுவாமி வயிற்றில் ஓங்கி அறைந்தார். வயிறு இன்னும் உரக்கக் கத்தியது: "மோட்டாரைப் போடு!"

"குண்டலினி... விழிக்கிறது..." என்றார் சுவாமி, வியர்த்தபடி.

"குண்டலினிக்கு என் குரல் எப்படி வந்தது?" என்றாள் பாகீரதி. "சிம்மைக் கழட்டினா கூப்பிடத்தான் முடியாது ஸ்வாமி. அலாரத்துக்கு ஆத்மா வேண்டாம்."

காவித்துணியை ஓர் இழு இழுத்தாள். இடுப்புப் பையிலிருந்து போன்கள் கொட்டின. இருநூறு. இல்லை, இரண்டாயிரம். அவர் தங்கியிருந்த அறைக்குள் சாக்குச் சாக்காக மீதி. பக்கத்தில், காயலான் கடையில் அள்ளி வந்த பழைய சின்ன போன்கள் ஒரு கூடை. அன்று ஓர் அணிமா சித்தி மட்டும் நிஜமாகவே நடந்தது: போலீஸ் ஜீப் வந்ததும் சுவாமி கண்ணுக்குத் தெரியாத அணுவாகிவிட்டார்.

பத்மஜா தன் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். பாகீரதி கூட்டத்தைப் பார்த்தாள்.

"சின்ன போன் வேணும்னு கடையில என்னிக்காவது கேட்டேளா?"

ராஜமணி நெளிந்தார். "எல்லாரும் பெரிசு வச்சிருக்கா, மாமி. சின்னது கேட்டா கையில காசில்லேன்னு நினைப்பாளே."

"கடைக்காரர்கிட்டே வெக்கம், உருளிகிட்டே வெக்கமில்லை. அவர் ஒரு போனையும் சுருக்கலை. நீங்கதான் புத்தியைச் சுருக்கிண்டு வந்து நின்னேள். ஆத்துக்குப் போய் அதைக் கொஞ்சம் விரிச்சுக் காயப் போடுங்கோ."

ஆத்துக்கு யாரும் போகவில்லை. வரிசை அப்படியே திரும்பி உமாசங்கர் கடை வாசலில் போய் நின்றது. நானும் பின்னாலேயே போனேன். அவர் கம்பெனி அதிகாரியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"குடிக்கல்ல சாரே! சின்ன போன் கேட்டாக்கும் நிக்குகா. பஸ்ஸுல ஒத்தக் கையில பிடிக்கணுமாம். வயர் ஓட்டையும் வேணுமாம். வரிசையா? வலியசாலை தொட்டு கரமனை வரைக்கும்..."

என்னைக் கண்டதும் குரல் தணிந்தது.

"விழிஞ்ஞம் பஸ்ஸுல ஏறிப் போனத மட்டும் நான் காணல்ல. பாக்கியெல்லாம் சத்யமாயிட்டும் நடந்தது சாரே."