இடிக்காரர் வீட்டு மரியாதை

அந்த நாட்டில் அரச மரியாதைத் துறை என்று ஒன்று இருந்தது. மக்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும், எப்படித் தும்ம வேண்டும், தும்மியவரைப் பார்த்து எவ்வளவு நேரம் கவலைப்பட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பாரம் அதன் தலையில் இருந்தது. அந்தத் துறையில் யாரும் யாருக்கும் எதையும் மறுத்ததே கிடையாது. 'முடியாது' என்ற சொல் அநாகரிகமானது என்று அறுபது வருஷத்துக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆகவே முடியாத காரியங்கள் எல்லாம் அங்கே கனிவான பரிசீலனையில் இருந்தன.

அப்படிப் பதினோரு வருஷமாகக் கனிவில் ஊறிக்கொண்டிருந்தது ஓர் ஆய்வாளரின் இடமாற்ற மனு. அவர் நடந்தால் சத்தமே வராது என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பூனைக்கால் என்று பெயர். மனைவி கடற்கரை ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. இவருக்கு வேலை தலைநகரத்தில். வருஷத்தில் இரண்டு தடவை விடுப்பில் போவார். போன தடவையைவிட இருவருக்கும் கொஞ்சம் நரை கூடியிருப்பதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருவார். மூன்று மாதத்துக்கு ஒரு மனு கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பூப்போட்ட தாளில் பதில் வரும்: 'தங்கள் மேலான மனுவைக் கண்டு துறை மனம் நெகிழ்ந்தது.' இதுவரை நாற்பத்து நான்கு தடவை துறை மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஒருநாள் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டார்.

"வாருங்கள், வாருங்கள். தங்களைக் கண்டதும் இன்றைய பொழுது நிறைவடைந்தது," என்றார். மணி காலை ஒன்பதுதான். "ஒரு சிறு சிரமம் தர நெஞ்சு கூசுகிறது. இடிக்காரர் வீட்டுக்குத் தாங்கள் ஒரு நடை போய்வர வேண்டும்."

பூனைக்காலின் கை தானாகக் காதைப் பொத்தியது.

விஷயம் இதுதான். பிரபுக் குடும்பங்கள் எல்லாம் நற்பண்புச் சான்றிதழ் பெற வேண்டும், பெறாத குடும்பத்தின் பட்டமும் பரம்பரைத் தொழிலும் அரசுக்குச் சேரும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. எல்லாக் குடும்பங்களும் வாங்கிவிட்டன. பாக்கி இடிக்காரர் வீடு ஒன்றுதான்.

நகரத்துக்கு வெளியே மொட்டைக் குன்றின் உச்சியில் இருந்தது அந்த வீடு. மழைக்காலத்தில் வானத்திலிருந்து விழும் இடியைச் செப்பு ஜாடியில் பிடித்து, மூடி இறுக்கி, பாறை உடைப்பவர்களுக்கும் கால்வாய் வெட்டுகிறவர்களுக்கும் விற்பது குடும்பத் தொழில். நாட்டில் ஒரு சாலை போட வேண்டுமென்றாலும் அவர்கள் ஜாடி வேண்டும். அதனால் கொள்ளைப் பணம். பொன் தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கையைப் பட்டுத் திரைச்சீலையில் துடைக்கிற அளவுக்குப் பணம். மூன்று தலைமுறையாக இடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததில் வீட்டில் ஒருத்தருக்கும் சரியாகக் காது கேட்காது. ஆற்றின் அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் அடுத்த நாற்காலிக்காரரிடமும் பேசுவார்கள்.

ஏற்கனவே மூன்று ஆய்வாளர்கள் போயிருந்தார்கள். முதலாமவர் வாசல் வரைக்கும் போய் ஓடிவந்துவிட்டார். இரண்டாமவருக்கு இன்னும் ஒரு காதில் ரீங்காரம். மூன்றாமவர் பத்து நாள் தங்கித் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று வாயே திறக்கவில்லை. ஆனால் நன்றாக உடம்பு போட்டிருந்தார்.

"தாங்கள் இதை முடித்துத் தந்தால், தங்கள் மனு முன்னிலும் கனிவாகப் பரிசீலிக்கப்படும்," என்றார் தலைவர்.

பூனைக்கால் போனார்.

வாசலில் ஒரு பெரிய அம்மாள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஜாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு மூத்தவர். ஊரில் பெரிய இடி என்பார்கள். பட்டம் என்னவோ அவருடைய தம்பி பிரபுவுக்குத்தான். அவர் சின்ன இடி.

"யாருய்யா அது, வாசல்ல நின்னு திருதிருன்னு முழிக்கிறது?"

பூனைக்கால் இடுப்பு வரை குனிந்தார். துறை விதிப்படி பிரபுக் குடும்பத்து மூத்தவருக்கான முகமன் பதினெட்டு வாக்கியம். பதினெட்டையும் மெல்லிய குரலில், குனிந்தபடியே சொன்னார்.

"என்னது? வயித்து வலியா?" என்றார் பெரிய இடி. "தம்பீ! இங்க வா! ஒரு ஆளு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முனகுறான்!"

சின்ன இடி ஓடிவந்தார். ஆய்வாளர் மறுத்துப் பேசிய எதுவும் யார் காதிலும் விழவில்லை. அரசின் பிரதிநிதியை அக்காவும் தம்பியுமாகக் கையும் காலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்வு நாற்காலியில் போட்டார்கள். வயிற்றில் வெந்நீர்ப் பை. கழுத்து வரை கம்பளி. மூக்கைப் பிடித்து ஏதோ கசப்பு மருந்து. பதினோரு வருஷத்தில் தனக்கு வலிக்கிறதா என்று யாராவது கேட்டது இதுவே முதல் தடவை என்று பூனைக்காலுக்குத் தோன்றியது. வலி இல்லை என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டு மேஜையில் விசாரணையைத் தொடங்கினார். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கூடியமட்டும் குரலை உயர்த்தினார்.

"விருந்தினருக்கு இரண்டாம் முறை பரிமாறுமுன் என்ன சொல்வீர்கள்?"

"எதுக்குச் சொல்லணும்? தட்டு காலியா இருந்தா போடுவோம்," என்றார் பெரிய இடி, போட்டுக்கொண்டே.

"விருந்தினர் போதும் என்று சொன்னால்?"

"காதுல விழாது."

"இல்லத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால்?"

"ரொட்டியை விட்டு எறிவோம்," என்றார் சின்ன இடி.

"எறிபட்டவர் என்ன செய்வார்?"

"புது ரொட்டின்னா பிடிச்சுத் தின்னுடுவார். நேத்து ரொட்டின்னா குனிஞ்சுக்குவார்."

பூனைக்கால் எழுதிக்கொண்டார். பெரிய இடி அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடும்போது என்னய்யா எழுத்து? வீட்ல யார் யார் இருக்காங்க?"

பூனைக்கால் மெதுவாகச் சொன்னார்.

"கேக்கலை!"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"இன்னும் கேக்கலை! வயித்துல இருந்து பேசு!"

பூனைக்கால் மூச்சை இழுத்தார். "பொண்டாட்டி ஒரு ஊர்ல! நான் ஒரு ஊர்ல! பதினோரு வருஷமா என்னை அனுப்ப மாட்டேங்குறாங்க!"

பொன் தட்டுகள் அதிர்ந்தன. அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அனுப்ப மாட்டேன்னா சொன்னாங்க?"

"இல்லை. மனம் நெகிழ்ந்ததுன்னு சொல்றாங்க."

பெரிய இடி கரண்டியைக் கீழே வைத்தார். "அட மக்கு மனுஷா! உன்னை ஏமாத்துறாங்கய்யா! நீ செத்தாக்கூட அனுப்ப மாட்டாங்க!"

சொல்லிவிட்டு முதுகில் ஒரு அறை விட்டார். பூனைக்காலின் முகம் சூப்புக் கிண்ணத்தை எட்டிப் பார்த்துத் திரும்பியது. அது ஆறுதல் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரிய இடி சொன்னது அவருக்குத் தெரியாததல்ல. நெஞ்சுக்குள் எப்போதோ தெரிந்ததுதான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வந்ததில்லை.

நான்கு நாள் தங்கினார். புறப்படும்போது படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: இனிமை, மிக இனிமை, மிக மிக இனிமை. நான்காவது கட்டம் இல்லை. ஒரு குடும்பத்தை இனிமையற்றது என்று எழுதுவது மரியாதைக் குறைவு என்பதால் அப்படி ஒரு கட்டத்தைத் துறை அச்சடிக்கவே இல்லை. கட்டத்தைக் காலியாக விடுவது அதைவிட மரியாதைக் குறைவு என்று அடிக்குறிப்பு சொன்னது. பூனைக்கால் விதியை மீறியவரல்ல. எல்லாவற்றுக்கும் 'இனிமை' என்று போட்டார். முதுகில் விழுந்த அறையை நினைத்துக்கொண்டு ஓர் இடத்தில் மட்டும் 'மிக இனிமை' போட்டார்.

சான்றிதழ் தயாராகிவிட்டது. அரசர் முன்னிலையில் பேரவை மண்டபத்தில் வழங்கினார்கள். பெரிய இடி அதே பூட்ஸோடு வந்தார். துறைத் தலைவர் ஒரு மணி நேரம் வாழ்த்திப் பேசினார். பெரிய இடிக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தூண் ஓரத்தில் நின்ற பூனைக்காலைப் பார்த்துவிட்டார்.

"யோவ் தலைவா!" என்றார். மேலே தொங்கிய விளக்குகள் ஆடின. "இந்த மனுஷனைப் பதினோரு வருஷமா ஏன்யா பொண்டாட்டிகிட்ட அனுப்பாம வச்சிருக்கே? உனக்கெல்லாம் வெக்கமா இல்லை?"

அரசர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். அவருடைய கையெழுத்து, அவருடைய முத்திரை. இந்தக் குடும்பத்தின் பேச்சு இனிமையானது என்று துறை சான்று அளித்திருக்கிறது. துறை தவறு செய்யாது. அப்படியானால் இப்போது காதில் விழுந்தது இனிமையான பேச்சு. அது இனிமையாகப் படவில்லை என்றால் கோளாறு காதில்தான்.

"மிக அழகாகப் பேசினார்," என்றார் தலைவர்.

அரசர் கை தட்டினார். மண்டபமே தட்டியது.

மறுநாள் முதல் தலைநகரம் மாறிவிட்டது. பிரபுக்கள் மேஜையைத் தட்டிப் பேசினார்கள். பட்டுக் கடைகளில் கை துடைக்கும் ஓரம் வைத்த திரைச்சீலை வந்தது. பாட்டு வாத்தியார்கள் கத்தல் வாத்தியார்கள் ஆனார்கள். தொண்டை கட்டிப்போனவர்கள் அதை ஒரு விருது போலக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். காது நன்றாகக் கேட்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, சில சீமாட்டிகள் ஆளுக்கொரு இடி ஜாடி வாங்கிப் படுக்கையறையில் திறந்து பார்த்தார்கள். துறையும் சும்மா இருக்கவில்லை. 'பொதுமக்களை விளிக்கும்போது யோவ் என்ற சொல்லை ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுக்குக் குறையாமல் பயன்படுத்த இதன்மூலம் பணிக்கப்படுகிறது' என்று நாடு முழுவதற்கும் சுற்றறிக்கை விட்டது. அறுபது வருஷம் ஒதுக்கிவைத்திருந்த 'முடியாது' என்ற சொல்லுக்கு முழு மரியாதையோடு மறுவாழ்வு கிடைத்தது.

பூனைக்காலுக்கு நம்பிக்கை பிறந்தது. ஒளிவுமறைவு இல்லாத காலம் வந்துவிட்டது, இனி நம் காரியமும் நடக்கும் என்று நாற்பத்தைந்தாவது மனுவோடு தலைவர் அறைக்குள் போனார்.

"யோவ்!" என்றார் தலைவர், மேஜையில் ஒரு குத்துக் குத்தி. வலித்ததை மறைத்துக்கொண்டார். "என்னய்யா இது மனு? முடியாதுய்யா! போய்யா வெளியே!"

கதவைத் திறந்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே குமாஸ்தாக்கள் சூழ்ந்துகொண்டு கை குலுக்கினார்கள். "உங்க மேல தலைவருக்குத் தனிப் பிரியம் சார். எங்களை எல்லாம் இப்படி மனசு விட்டுத் திட்டினதே இல்லை."

பூனைக்கால் நேரே குன்றின் மேல் ஏறினார். பெரிய இடி முற்றத்தில் ஜாடிக்கு மூடி திருகிக்கொண்டிருந்தார்.

"அம்மா! ஊரே உங்களை மாதிரி ஆயிடுச்சு! ஆனா என் காரியம் நடக்கலை!" என்று வயிற்றிலிருந்து பேசினார்.

"எங்களை மாதிரியா? உன்னை உட்காரச் சொன்னானா அந்த ஆளு?"

"இல்லை!"

"சாப்பிட்டியான்னு கேட்டானா?"

"இல்லை!"

"அப்புறம் என்னய்யா எங்களை மாதிரி? நாங்க காது கேக்காம கத்துறோம். அவன் நீ சொல்றது காதுல விழுந்துடக் கூடாதுன்னு கத்துறான்." மூடியை ஒரு தட்டுத் தட்டினார். "கால் நல்லாத்தானே இருக்கு உனக்கு? பொண்டாட்டிகிட்டப் போறதுக்கு எதுக்குய்யா மனு? நாளைக்குக் கடற்கரைக்கு ஜாடி வண்டி போகுது. ஏறிக்கோ. அங்க நம்ம கிடங்குக்கு ஒரு ஆள் வேணும். சத்தம் போடாம நடக்குற ஆள்தான் வேணும். ஜாடி சட்டுனு வெடிக்கும்."

பதினோரு வருஷமாகத் தனக்கு இப்படித் தோன்றாமல் போனது எப்படி என்று வண்டியில் போகும்போது பூனைக்கால் வழி நெடுக யோசித்தார். தோன்றியிருக்கும். அதையும் யாராவது கனிவாகப் பரிசீலித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பள்ளிக்கூட வாசலில் மனைவி அவரைப் பார்த்ததும் கேட்டாள், "எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்லை! ஒரேயடியா வந்துட்டேன்!"

வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "அதை ஏன் இப்படிக் கத்திச் சொல்றீங்க?" என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

ஊரில் குடியேறியவர்கள் நகர அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். அடுத்த வாரம் இருவரும் போனார்கள். மனைவி வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். பூனைக்கால் வரிசையில் நின்றார். உள்ளேயிருந்து குத்துச் சத்தமும் திட்டுச் சத்தமும் விட்டுவிட்டுக் கேட்டது. கிணறு வெட்ட அனுமதி கேட்டுப் போன ஒருவர் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"முன்னெல்லாம் இதே வேலை நடக்காம இருக்கறதுக்கு ஆறு மாசம் ஆகும் சார்," என்றார். "இப்ப பாருங்க, ஒரே நிமிஷத்துல நடக்கலை! நிர்வாகம்னா இதுல்ல நிர்வாகம்!"

வரிசை முழுக்கத் தலையாட்டியது. பூனைக்காலும் ஆட்டினார். அவர் முறை வந்தது. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ரொம்ப நல்ல மனுஷன்! நேராவே முடியாதுன்னுட்டார்! ரெண்டு தடவை யோவ்னார்!" என்றார் பூனைக்கால். முகத்தில் ஒரு பூரிப்பு.

அவள் மெதுவாகக் கேட்டாள், "காரியம் நடக்கலைதானே? அப்ப எதுக்கு எல்லாரும் சிரிக்கிறீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் இவ்வளவு மெதுவாகவா பேசுவது? மரியாதை தெரியாதவள்.