'பிரளயம்' பற்றிய அவசரக் கூட்டம்

உலகில் வெள்ளத்தால் அழிந்த ஊர்களெல்லாம், அதற்குச் சரியான சொல் கிடைக்காமல்தான் அழிந்தன. இந்த மகத்தான உண்மையை முதன்முதலில் கண்டறிந்தவர், மூதூர்ப் பக்கத்து அலுவலகமொன்றில் அனர்த்த நிவாரண உத்தியோகத்தராக வீற்றிருந்த திரு. யோகலிங்கம்.

நபீஸா இடுப்புவரை நனைந்து மேல்மாடிக்கு ஏறி வந்தபோது, 'அவசரக் கூட்டம்' இரண்டாவது தேநீரை எட்டியிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு படகு. நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியான மகள் மின்ஹா, வீட்டுக் கூரையில் இருந்தாள்.

யோகலிங்கம் அவளுடைய விண்ணப்பத்தைப் பக்தியோடு வாசித்தார்.

"'பிரளயம் வந்துவிட்டது' எண்டு எழுதியிருக்கிறீங்க. தங்கச்சி, பிரளயம் எண்டால் ஒருத்தரும் மிஞ்சக் கூடாது. நீங்க மிஞ்சி வந்து கதைக்கிறீங்க."

"அப்ப வெள்ளம் எண்டு போடுங்க, சேர்."

"வெள்ளம் எண்டால் மூண்டு அடிக்கு மேல. அளக்காமல் போட ஏலாது."

"அளந்து பாருங்களன்!"

அளவுகோலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற தொலைநோக்கோடு, அதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"அலுமாரித் திறப்பு எங்கட கிளார்க் பூரணி மிஸ்ஸிட்ட. அவவால வர ஏலாது. வீட்டைச் சுத்தி வெள்ளம்."

"வெள்ளம் எண்டு நீங்களே சொல்றீங்க!"

"அது பேச்சு வழக்கு," என்றார் யோகலிங்கம் சாந்தமாக. "கதிரையில இருங்க. சொல் முடிவானதும் படகு வரும்."

நபீஸா இருக்கவில்லை. இறங்குதுறைக்கு ஓடினாள். அங்கே படகைக் கரையில் கட்டிக்கொண்டிருந்த மீன்காரன் கோணேஸ்வரனுக்குச் சொல்லாராய்ச்சியில் துளியும் ஈடுபாடில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கம், அக்கா?"

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியில் மின்ஹாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது.

மூன்றாம் நாள், யோகலிங்கம் அறிக்கையோடு வார்டுக்கே வந்தார். நிகழ்ந்தது 'தற்காலிக நீர்மிகை' என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. அவர் கணீரென்று வாசித்தார்: "உயிரிழப்பு இல்லை. குழுவின் அயராத உழைப்பே காரணம்." பிறகு பேனையை நீட்டினார். "சாட்சிக்கு ஒரு கையெழுத்து வையுங்க, தங்கச்சி."

நபீஸா பேரனை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"தண்ணி என்ர புள்ளைய கூரைக்கு ஏத்தினது, சேர். இருக்கச் சொன்னது நீங்க. இதுல ஆளைக் கொல்லப் பாத்தது எது எண்டு முதல்ல ஒரு கூட்டம் வையுங்க."