கிருமிக்குத் தாய்மாமன் சீர்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் பிராங்கிளின் அவர்களுக்கு, கஸ்பார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை எல்சியும் மகள் ஜானட்டும் தேவ கிருபையால் நலம். தூத்துக்குடி போன பிறகு உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் கூரியரில் அனுப்பிய வெள்ளி அரைஞாண் கிடைத்தது. ஜானட் ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருக்கிறாள், பெயர் வைக்கப்போகிறார்கள் என்று நான் போனில் சொன்னது வாஸ்தவம். அதற்காகத் தாய்மாமன் சீர் அனுப்புவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் புள்ளியாகத் தெரிகிற ஜந்துவுக்கு எந்த இடுப்பில் கட்டுவது? போதாததற்கு, அதற்கு உங்கள் பெயரை வைக்காவிட்டால் ஜானட் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அதன் கதையைக் கேளுங்கள். காத்திவாக்கம் கழிமுகச் சேற்றில் கிடைத்தது. ஒரே ஒரு கார்பன் உள்ள சரக்கைத்தான் தின்னும். மீத்தேன், மெத்தனால், அவ்வளவுதான். இரண்டு கார்பன் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இதைப் புது இனம் என்று சும்மா சொல்லிவிட முடியாதாம். பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி வம்சம், பங்காளி, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்து, ஜீனோமை ஒப்பிட்டு, உயிரோடு இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் பெயர். ஜானட்டின் டாக்டர் பட்டமே இதை நம்பித்தான் இருக்கிறது.

போன மாதம் லேபில் கரண்ட் வேலை என்று கிருமி இருந்த டியூபை நம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். அங்கேதான் வந்தது வினை. உங்கள் தங்கை மனசு கேளாமல் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் கஞ்சி ஊற்றி, குளிருமே என்று அடுப்பு மேடையில் வேறு வைத்துவிட்டாள். கேட்டால், "வூட்டுக்கு வந்தத பட்டினி போடச் சொல்றியா? வெறும் தண்ணில கீது, பாவம்!" என்கிறாள். நம்ம ஆள் கஞ்சியைத் தொடவே இல்லை, ஊரிலுள்ள கண்ட கிருமியெல்லாம் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது, டியூப் நாறிப்போச்சு, ஜானட் சாப்பிடாம சுவத்தப் பாத்துக்கினு படுத்துட்டா, எனக்கு வயிறு எரிஞ்சிபோச்சு மச்சான், பெத்தவனுக்குத்தானே தெரியும், எழுந்திரு புள்ள, காத்திவாக்கம் போயி மறுபடி சேத்த அள்ளிக்கினு வரலாம்னு நானே கூட்டிக்கினு போனேன், அங்கே சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற தண்டபாணி இடம் காட்டினார், முட்டிவரைக்கும் புதைஞ்சேன், ஒரு செருப்பு இன்னும் அங்கதான் கீது. அவரு சிரிக்கிறாரு: "இன்னா நைனா, எறாவ வுட்டுட்டு சேத்த அள்ளிக்கினு போற?" ஆனாலும் மாதா கைவிடவில்லை. அதே கிருமி மறுபடி கிடைத்துவிட்டது.

இனிப் பெயர் விஷயம். என் அப்பா சாவியோ பெயரை நானும் கேட்டுப் பார்த்தேன். ஜானட் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்: "அப்பா, இது இன்னா ஞானஸ்நானமா? சொந்தக்காரங்க பேர வெச்சா அல்லாரும் சிரிப்பாங்க. கெடச்ச எடத்து பேருதான்." ஆகவே காத்திவாக்கம்தான். விஞ்ஞானத்தில் மாமன் மச்சான் முறையெல்லாம் செல்லாது, உலகத்தில் எவனும் அப்படிச் செய்யமாட்டான். பெரியமனசு பண்ணிச் சீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எல்சி வாயையும் இதையே சொல்லித்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டார் எல்லார் மேலும் மாதாவின் நிழல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கஸ்பார்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஜானட் லேபிலிருந்து வந்தாள். ஜீனோம் முடிவு வந்துவிட்டதாம். நம் கிருமி புதுசே இல்லை. குளிர்தேசத்துக்காரர் ஒருவர் எப்போதோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார். பிள்ளை முகம் கழுவிக்கொண்டு வந்து, "பரவால்லப்பா, அந்த சேத்துல இன்னும் எத்தினியோ கீது" என்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அதைவிடப் பேஜாரு, அந்த மனிதர் வைத்திருப்பது தன் மனைவியுடைய அண்ணன் பெயரை. அதைக் கேட்டதிலிருந்து எல்சி என்னோடு பேசவில்லை. அடுத்த ரயிலில் புறப்பட்டு வாருங்கள். அடுத்த கிருமி உங்களுக்குத்தான் மச்சான், ஜானட்டிடம் நான் பேசுகிறேன்.