தாமதத்துக்கு மூன்றே கட்டம்

2006-ல் ஹெப்பகோடியில் வித்யாலட்சுமி வீட்டு இணையம் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். என்ன, அவள் இங்கே பேசினால் இரண்டு செகண்ட் கழித்துத்தான் அந்தப் பக்கம் கேட்கும்.

பி.யூ.சி. முடித்த கையோடு ஒரு கால் சென்டர் வேலைக்கு இணையம் வழியாக நேர்காணல் வந்தது. முதல் கேள்விக்கு அவள் சொன்ன பதில் இரண்டாவது கேள்விக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்கள் பெரிய பலவீனம் என்ன?"

"வித்யாலட்சுமி."

பாவம் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதுவும் போனால் அத்திபெலேயில் மாமா கடையில் துணி மடிக்க வேண்டியதுதான். திங்கட்கிழமையே இணைய அலுவலகத்தில் போய் நின்றாள்.

"வேகம் எப்படி?" என்றார் அதிகாரி ரங்கநாதன்.

"வேகம் பரவாயில்லை சார். தாமதம்தான்."

"வேகம் இருக்கும்போது தாமதம் எப்படிம்மா வரும்?"

"பஸ் வேகமாத்தான் போகுது சார். ஸ்டாப்புக்கு வந்து சேரத்தான் நேரமாகுது."

ரங்கநாதன் கோப்பைத் திறந்து, 'பஸ் தொடர்பான புகார் நமது அதிகார வரம்புக்குள் வராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் நகராமல் நின்றதால் மட்டும் மறுநாள் மஞ்சுநாத் என்ற டெக்னீசியனை அனுப்பினார்.

மஞ்சுநாத் லேப்டாப்பைத் திறந்தார். ஒரு துணுக்குச் செய்தியை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. 1840 மில்லிசெகண்ட் என்று வந்தது. படிவத்தை எடுத்தார். 'தாமதம்' என்ற இடத்தில் மூன்றே கட்டம்.

"ஆகல்ல மேடம், முடியாது. நாலு இலக்கத் தாமதம் நம்ம கம்பெனியிலேயே கிடையாது."

"கண்ணு முன்னாடி நிக்குதேண்ணா!"

"நிக்கட்டும். எழுத இடம் வேணுமே? முன்னாடி இருக்கிற ஒன்னை விட்டுட்டு எண்ணூத்தி நாப்பதுன்னு போடவா?"

"போட்டா லைன் சரியாயிடுமா?"

மஞ்சுநாத் ஆபீசுக்குப் போன் போட்டார். ரங்கநாதன் விதிமுறையைப் புரட்டினார். படிவத்தில் அடங்காத தாமதம் வாடிக்கையாளர் வீட்டின் குறைபாடாகக் கருதப்படும். கணினியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, சர்வர் அருகில் வைத்து மறு அளவீடு செய்யப்படும். தேதி, வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை மானிட்டரை மடியிலும் கம்ப்யூட்டர் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினாள். சர்வர் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். மூன்று மில்லிசெகண்ட். ஆபீசே கை தட்டியது.

"பாத்தியாம்மா? உன் இணைப்புல ஒரு குறையும் இல்லை" என்றார் ரங்கநாதன்.

"நான் இருக்கிறது வீட்டுல சார்."

"அது வேற செக்ஷன். சீல் வைக்கிறவர் பதினோரு மணிக்கு வருவார். அதுவரைக்கும் கம்ப்யூட்டரை அசைக்கக் கூடாது."

மணி பத்து அடிக்கப் போகிறது. அசைக்கக் கூடாது என்றுதான் விதி. பேசக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேட்ட கேள்விக்குக் கேட்ட நொடியில் பதில் போனது.

"போன தடவை ஏன் அவ்வளவு யோசிச்சீங்க?"

"யோசிக்கலை சார். லைன் மட்டம்."

வேலை கிடைத்தது. சீல் வைத்த சான்றிதழையும் கொடுத்தார்கள். அதைத் தெருவே வந்து பார்த்தது; பார்த்த கையோடு அவரவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனது. அதற்கப்புறம் ஹெப்பகோடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் 'தாமதம்: 003' என்று சட்டம் போட்டு மாட்டாத வீடு கௌரவமான வீடே இல்லை என்றாகிவிட்டது. எந்த வீட்டிலும் லைன் மட்டும் மாறவில்லை.

வித்யாலட்சுமிக்கு வேலை, வெளிநாட்டு இணைய வாடிக்கையாளர்களின் குறை கேட்பது. முதல் அழைப்பு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெரியவர். நான் பேசினால் இரண்டு செகண்ட் கழித்துத்தான் மகளுக்குக் கேட்கிறது, அளந்து பார்த்தேன், 2100 வருகிறது என்றார். எழுதப் போனாள். திரையில் மூன்றே கட்டம்.

நாலாவது இலக்கத்தை அது வாங்கவே மாட்டேன் என்றது. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் பின்னால் நின்று வாட்சைப் பார்த்தார்.

"குறை உங்க வீட்டுலதான் சார்," என்றாள், தேன் ஒழுகும் ஆங்கிலத்தில். "கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கு வந்துடுங்க."

"எங்கேம்மா உங்க ஆபீஸ்?"

"ஹெப்பகோடி பக்கத்துல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது லைனின் தாமதமா, பெரியவரின் தாமதமா என்று குறிக்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.