ஆறு பஞ்சர் உள்ள குழல்

விழுப்புரம்,
17.11.1986

அன்புள்ள மச்சான் ராஜாமணிக்கு,

மாமா சவுரிராயன் எழுதுவது. மாதா தயவில் உன் அக்கா சவுரியம்மாளும் நானும் சுகம். பாரிஸ் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று நம்புகிறோம்.

நீ அனுப்பிய அலுமினியக் குழல் கிடைத்தது. நிமோனியாவில் படுத்து எழுந்த என்னை ரயில்வே டாக்டர் மூச்சுக்காக ஏதாவது ஊதச் சொன்னார் என்று உன் அக்கா எழுதிய ஒரு வரிக்கு, ஒன்றரை முழத்தில் ஒரு விசிலையே அனுப்பிவிட்டாயே, உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மெடிக்கலில் தேறாவிட்டால் கூட்ஸ் கார்டு வேலை போய், திண்டிவனம் பார்சல் ஆபீசில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஓடும் வண்டியில் நின்று பழகியவனுக்கு அது ஜெயில்.

ஆனால் இருபது வருஷம் விசில் ஊதி ரயிலை அனுப்பியவனுக்கு இந்த விசில் மசியவில்லை. கனமான சத்தம் வர வேண்டிய இடத்தில் புஸ்ஸுன்னு காத்துதான் வருது. கண்ணு பிதுங்க ஊதுறேன், "என்னாங்க, குக்கரை இறக்கிடட்டுமா?"ன்னு உங்கக்கா கேக்குறா. ஒரு மாசம் இதே பேஜாரு. பொறுக்காம சைக்கிள் கடை நடராசன்கிட்ட எடுத்துக்கினு போனேன். அவன் ட்யூபை முக்குற தொட்டித் தண்ணியில குழலை முக்கி, என்னை ஊதச் சொல்லி, குமிழை எண்ணி, "சார், ஆறு பஞ்சர் சார்"ன்னான். நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள விரல் வைக்கிற ரெண்டு ஓட்டைக்கு ஒட்டே போட்டுட்டான், பாவி! அதைப் பிய்ச்சப்புறம்தான் நிதானமா பாத்தான். ஊதுற வாய்க்குக் கீழ ஒரு பள்ளம், காத்து அதுல சுத்திக்கினு நிக்குதாம். மெழுகுத்திரியை உருக்கி அதை அடைச்சு, விளிம்பை உப்புத்தாளால தேய்ச்சுக் குடுத்தான். ஊதினேன் மச்சான்! எருமை கன்னுக்குட்டியைக் கூப்பிடுற மாதிரி அப்படியொரு சத்தம். லேசா ஊதினாலே வருது. "என் தம்பி நல்லாருக்கணும்"னு உங்கக்கா கண்ணைத் தொடச்சிக்கினா. மூணு வாரமா ஊதுறேன். நாளைக்கு மெடிக்கல். தேறினால் அது உன்னாலும் நடராசன் வைத்த மெழுகாலும்தான்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதா உங்கள் வாசலிலேயே நிற்கட்டும்.

நன்றி மறவாத மாமா,
சவுரிராயன்

பி.கு.: தபாலில் போடாமல் மெடிக்கலுக்குப் போய் வந்துவிட்டேன். தேறிவிட்டேன், திங்கட்கிழமை டியூட்டி! ஆனால் டாக்டர் மூன்று வாரத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டையும் வைத்துப் பார்த்து, "மொத மாசம் பிரமாதமா தேறியிருக்கீங்க, அப்புறம் மூணு வாரமா அங்கேயே நிக்குதே, என்ன பண்ணீங்க?" என்றார். குழலை ரிப்பேர் பண்ணினேன் என்றேன். "ஏங்க பண்ணீங்க?" என்றார். ஆகவே மேலே நடராசனுக்குச் சொன்ன நன்றியை அடித்துவிட்டுப் படிக்கவும். கண் பிதுங்க ஊத வைத்து என்னைக் காப்பாற்றியது நீ அனுப்பிய பழுதுதான். மெழுகையெல்லாம் நோண்டி எடுத்துவிட்டு இப்போதுதான் ஊதினேன். உன் அக்கா குக்கரை இறக்கப் போயிருக்கிறாள்.