டோலோன் கணவாயும் இரண்டு பிரேக் பேடுகளும்

இனி ஜென்மத்தில் டோலோன் கணவாயை மோட்டார் சைக்கிளில் தாண்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு உறுதியானது. அதை என் மனைவி சைக்காலிடம் சொல்லும் தைரியம்தான் உறுதியாக இல்லை.

போன இலையுதிர் காலத்தில் நடந்தது. கணவாய் இறக்கத்தில் பிரேக்கை அழுத்துகிறேன், அது சும்மா உள்ளே போகிறது. எதிரே இருநூறு ஆடுகள். எப்படியோ ஓரத்துச் சரளையில் உரசி நின்றேன். "ஏங்க இப்படி நிறுத்தினீங்க?" என்றாள் பின்சீட்டில் இருந்த சைக்கால். "ஆடுகளுக்கு வழி விட்டேன்" என்றேன். அன்றிலிருந்து ஆட்டு இறைச்சியைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது.

வண்டிக்கு இருபத்தெட்டு வயது. ஜப்பானில் பிறந்து, நார்யனில் என்னிடம் மாட்டிக்கொண்டது. இப்போது முன் பிரேக்கில் 'கிரீச்' என்று ஒரு சத்தம்.

"பேடு தேஞ்சிடுச்சு" என்றாள் சைக்கால். "ஞாயித்துக்கிழமை என் தம்பி கல்யாணம். கணவாய்க்கு அந்தப் பக்கம் கோச்கோர் போகணும். பஜார்ல புதுசு வாங்கிட்டு வாங்க."

தேய்ந்த பேடுகளைத் தானே கழற்றி, கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள்.

பஜாரில் பழைய சரக்குக் கன்டெய்னருக்குள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் ஜோல்டோஷ். என் பேடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துக்கம் விசாரிப்பது போலத் தலையை ஆட்டினார்.

"இதுல ஓட்டினீங்களா? குடும்பம் இருக்கா உங்களுக்கு?"

அவர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது மெத்துன்னு இருக்கும், சத்தமே வராது. ஆனா நீள இறக்கத்துல சூடாச்சுன்னா கை விட்டுடும். இது உலோகப்பொடி கலந்தது. சூட்டுக்குப் பயப்படாது. ஆனா உங்க பழைய டிஸ்க்கைத் தின்னுடும்."

"ரெண்டுல எது நல்லது?"

"எப்படிச் சாகணும்னு விருப்பமோ அதைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என்ன, உங்களுக்கு எது பிடிக்குது?"

"எதுவும் பிடிக்கலை."

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா பரவாயில்ல. வண்டிக்குப் பிடிச்சாப் போதும்."

பெட்டியில் இருந்தது பேடு. வெளியே நின்றது பேடி. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"ஜோல்டோஷ், ஒரு உதவி. என் வீட்டம்மா வந்து கேட்டா, இந்த மாடலுக்கு இல்லவே இல்லைன்னு சொல்லிடுங்க."

என் பெயர் கெஞ்சேபெக். பெயருக்கு ஏற்றபடி கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணவாயா?" என்றார். தலையசைத்தேன். "சரி" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன்.

"கிடைக்கலையா?"

"ஜப்பான்லயே நிறுத்திட்டாங்களாம். வேன்லதான் போகணும்."

"அய்யோ பாவம். சரிங்க."

அவ்வளவுதான். சண்டையில்லை. தேநீர்கூட ஊற்றித் தந்தாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதில்லை. எனக்கு வியர்த்தது. அழுத்தினால் சும்மா உள்ளே போகும் பிரேக்கை நான் பார்த்தவன்.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது வீட்டில் அவள் இல்லை. வண்டியும் இல்லை! பேடு இல்லாத வண்டி! செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு மீர்லான் வேலியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அண்ணிக்கு என்ன ஆச்சு? ஒரு மணி நேரமா இதே தெருவுல போறாங்க, நிக்கிறாங்க. போறாங்க, நிக்கிறாங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் திருப்பத்தில் சைக்கால் வந்தாள். நேராக என்னை நோக்கி வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முன்சக்கரம் என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"புதுப் பேடு டிஸ்க்கோட பழகணும்ல. முப்பது தடவை மெதுவா நிறுத்திப் பழக்கணுமாம்."

"எங்... எங்கே கிடைச்சுது?"

"ஜோல்டோஷ் கடையிலதான். பாவம் அந்த மனுஷன், 'இல்லவே இல்ல'ன்னு சொல்லிட்டே பெட்டியை எடுத்து என் முன்னாடி வெச்சாரு. அவருக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கா இல்ல? உலோகம் கலந்ததே எடுத்துட்டேன். டிஸ்க் தேஞ்சா வேற டிஸ்க் வாங்கலாம். புருஷன் தேஞ்சா எங்க வாங்குறது?"

நான் குனிந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டேன்.

"போன தடவை ஆட்டுக்கு வழி விட்டப்பவே உங்க முதுகு நடுங்கினது எனக்குத் தெரியும்க. பின்னாடி ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? நாளைக்கு நான் ஓட்டறேன். எங்கப்பா ஆட்டுப்பட்டியில பத்து வயசுலயே மோட்டார் சைக்கிள் ஓட்டினவ நான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கணவாயைத் தாண்டினேன். தாண்டியதாக அவள் சொன்னாள், நான் கண்ணைத் திறக்கவில்லை. பிரேக் ஒவ்வொரு வளைவிலும் சிக்கென்று பிடித்தது. நானும்தான்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினாள். "முன்னாடி வாங்க. எங்க ஆளுங்க முன்னாடி உங்க மானம் போகக்கூடாது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி அரை மைலை நான்தான் ஓட்டினேன்.

கல்யாண வீடே வாசலுக்கு வந்துவிட்டது. "கணவாயை இந்த வண்டியிலயா?" என்று மச்சான் வாயைப் பிளந்தான். "ஒரு இடத்துல கூட முதுகு நடுங்கலை" என்றாள் சைக்கால் பெருமையாக. யாருடைய முதுகு என்று சொல்லவில்லை. தோளில் தட்டினார்கள். தலையில் தொப்பி வைத்தார்கள். பெஷ்பர்மாக் என்னும் இறைச்சி விருந்தில், பெரிய விருந்தாளிக்குத் தரும் ஆட்டுத்தலையை எனக்கே கொடுத்தார்கள். அது என்னைப் பார்த்தது. நானும் முறைத்துப் பார்த்தேன்.

விருந்து முடிந்ததும் சைக்கால் காதோடு சொன்னாள்: "நான் பத்து நாள் இங்கே இருந்துட்டு வர்றேங்க. அம்மாவுக்கு நார்யன்ல கண் டாக்டரைப் பார்க்கணும். வேன்ல போனா அவங்களுக்குக் குமட்டுமாம். இவ்வளவு நல்லா ஓட்டுற மாப்பிள்ளை இருக்கறப்ப என்ன கவலைன்னு கேக்கறாங்க."

"சைக்கால், நில்லு! உண்மையைச் சொல்லிடு!"

"எந்த உண்மையைங்க?"

நான் வாசலுக்கு ஓடினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார் என் மாமியார்.