ரெண்டு வண்டி இடம்

முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது சாலை விதி. சென்னை மாநகரில் இதைக் கடைப்பிடிப்பவர் ஒரே ஒருவர்தான். மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோ ஓட்டுகிறார். முன்னே எப்போதும் இரண்டு ஆட்டோ நிற்கும் அளவு இடம் விடுவதால், ஸ்டாண்டில் அவர் பெயர் 'ரெண்டு வண்டி'.

நம் ஊரில் சாலையில் இடம் விட்டால், அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஒரு பைக் புகும். அதற்குப் பின்னாலும் இடம் விடுவார். அதில் ஒரு கார் புகும். அதற்கும் விடுவார். அவர் ஆட்டோவில் தி. நகருக்குக் கிளம்பிய நான் மெல்ல மெல்ல மயிலாப்பூருக்கே திரும்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஒருமுறை தேனாம்பேட்டையில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலமே பேண்டு வாத்தியத்தோடு எங்களுக்கு முன்னால் புகுந்தது.

"ஹாரன் அடிப்பா!"

"கல்யாணம் சார். நல்ல சகுனம்."

வடபழனி கோயில் வரிசையிலும் அவர் இப்படித்தான். "இன்னா நைனா, முருகனைப் பாத்தியா?" என்று ஸ்டாண்டில் கேட்பார்கள். "சாத்துன கதவைப் பாத்தேன் மச்சி" என்பார்.

அப்படிப்பட்டவரை அடையாறில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்தது. ஆட்டோவுக்கு லேசான நசுங்கல்; காருக்கு மூக்கே போயிற்று. காலி ரோட்டில் காரணமில்லாமல் பிரேக் போட்டார் என்று கார்க்காரர் புகார் கொடுத்தார். போலீசார் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அரசுப் பணியில் நரைத்தவன் நான். உட்பிரிவு, இணைப்பு சகிதம் மனு எழுதிக்கொடுத்தேன். விசாரணைக்கும் கூடப் போனேன்.

அங்கே, அதிகாரியின் மேஜைக்கு இரண்டு ஆட்டோ தூரம் தள்ளி நின்றார் மனிதர். நடுவில் ஒருவர் ஃபைலோடு புகுந்தார். பிறகு இன்னொருவர்.

"கிட்ட போப்பா!" என்று பல்லைக் கடித்தேன்.

"அவரு பேசிக்கினு கீறாரு சார். முடியட்டும்."

சாப்பாட்டு நேரம் நெருங்கியது. அதிகாரி எழுந்துவிட்டால் அடுத்த விசாரணை எப்போது என்பது எனக்குத் தெரியும். அதாவது, யாருக்கும் தெரியாது. நானே போய் அந்த இடைவெளியில் நின்றேன்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"நடுவுல பூந்தவன்" என்று சொல்லி, ரெண்டு வண்டியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"காலி ரோட்டுல எதுக்குய்யா பிரேக் போட்ட?"

"காலி இல்ல சார். ஒரு அம்மா ஸ்கூட்டர்ல கொயந்தையோட உள்ள பூந்துச்சு. அதுக்கு இடம் வுட வேணாமா?"

அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "பதில் வரும், போங்க" என்றார்.

மாதங்கள் போயின. வேறு ஆட்டோக்களில் போனேன். முன்னால் போகும் பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்ததை மூக்கால் படித்தேன். சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். வழியில் நான் எழுதிய குறிப்பைத்தான் எனக்கே படிக்க முடியவில்லை. ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம், ஓடாத வண்டியை அவர் துடைத்துக்கொண்டிருப்பார். என் முகத்தை மட்டும் பார்ப்பார்.

கடைசியில் பதில் வந்தது. நடவடிக்கை கைவிடப்பட்டது, லைசென்ஸைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒற்றை வரி. அன்றே போய் வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டுக்குத் திரும்பி அவர் வண்டியில் ஏறினோம்.

"எங்க சார் போணும்?"

எனக்கு எங்கும் வேலை இல்லை. "வீட்டுக்குத்தான். சுத்திப் போப்பா."

"லேட் ஆவும் சார்."

"ஆகட்டும்."

ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, மனுவின் நகலில் பதில் வந்த தேதியைக் குறித்தேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை: கார்த்திகை, முதல் திங்கட்கிழமை.